இணையத்தில் குழந்தைகளின் பாதுகாப்பும் கருத்துச் சுதந்திரமும்: சட்டம் எங்கே நிற்கிறது?

புது தில்லி: பதினெட்டு வயது நிறைவடையாத ஒருவரின் தனிப்பட்ட விவரங்களைச் செயலிகளும் இணையதளங்களும் கையாள வேண்டுமானால், பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைப் பெற்றாக வேண்டும் என்ற விதி 2027-ஆம் ஆண்டு மே மாதம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வரவிருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 2025 நவம்பரில் அறிவிக்கை செய்யப்பட்ட விதிகளும் இந்தக் கடமையை நிறுவனங்களின் மீது சுமத்தியுள்ளன. மீறினால் ரூ.200 கோடி வரை அபராதம் விதிக்கப்படலாம்.

குழந்தைகளை இணையத்தின் தீங்குகளிலிருந்து காக்க வேண்டும் என்பதில் அரசுக்கும் நீதிமன்றங்களுக்கும் பொதுமக்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை. எதைக் கொண்டு காப்பது என்பதில்தான் கடந்த இருபது ஆண்டுகளாக வழக்குகள் நடந்து வருகின்றன. முடக்குதல், நீக்குதல், அனுப்பியவரைத் தேடிப் பிடித்தல், வயதைச் சரிபார்த்தல் என ஒவ்வொரு வழிமுறைக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைப் பெரும்பாலும் குற்றம் செய்யாத மற்றவர்களே கொடுக்க நேர்ந்துள்ளது. சில வேளைகளில் குழந்தைகளே கொடுத்திருக்கிறார்கள்.

தெளிவான ஒரு பிரிவு

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ஆம் ஆண்டு இயற்றப்பட்டபோது, குழந்தைகளைப் பாலியல் ரீதியாகச் சித்திரிக்கும் படங்களுக்கெனத் தனிப் பிரிவு எதுவும் அதில் இல்லை. பொதுவான ஆபாசத் தடைப் பிரிவே பயன்படுத்தப்பட்டது. 2008-இல் திருத்தப்பட்டு 2009 அக்டோபர் 27-இல் நடைமுறைக்கு வந்த 67பி பிரிவு இந்தக் குறையைப் போக்கியது. இத்தகைய படங்களை வெளியிடுவது, அனுப்புவது, தேடிப் பார்ப்பது, பதிவிறக்குவது, சேகரிப்பது ஆகிய அனைத்தும் அதன்படி குற்றமாகும். முதல் முறை 5 ஆண்டுகள் வரையும், மீண்டும் செய்தால் 7 ஆண்டுகள் வரையும் சிறைத் தண்டனை விதிக்கலாம். இரண்டு நிலைகளிலும் ரூ.10 லட்சம் வரை அபராதம் உண்டு.

இந்தப் பிரிவின் இறுதியில் உள்ள விலக்கு அதிகம் பேசப்படுவதில்லை. அறிவியல், இலக்கியம், கலை, கல்வி ஆகியவற்றின் பொருட்டுப் பொதுநலன் கருதி வெளியிடப்படும் நூல்களும் ஓவியங்களும், மரபுச் சின்னம் அல்லது சமயம் சார்ந்து நேர்மையாகப் பயன்படுத்தப்படுபவையும் குற்ற வரம்புக்குள் வரமாட்டா என்று அது கூறுகிறது. மருத்துவப் பாடநூல் ஒன்றையோ, கோயில் சிற்பத்தின் ஒளிப்படத்தையோ காட்டி எவர் மீதும் வழக்குத் தொடுக்க முடியாது. தடுக்க வேண்டியது எது, தொடக்கூடாதது எது என்பதைச் சட்டமே வரையறுத்துவிட்டதால், 67பி பிரிவைக் கருத்துச் சுதந்திரத்தின் எதிரியாகக் கருதுவோர் அரிது.

அதே திருத்தத்தின் வாயிலாகச் சட்டத்துக்குள் நுழைந்த 66ஏ பிரிவின் கதை வேறு. மிகவும் புண்படுத்தும் அல்லது அச்சுறுத்தும் தன்மை கொண்ட செய்திகளையும், எரிச்சலோ இடையூறோ ஏற்படுத்தப் பொய்யெனத் தெரிந்தே அனுப்பப்படும் தகவல்களையும் 3 ஆண்டுகள் வரை சிறையில் அடைக்கத்தக்க குற்றமாக்கியது அது. 2012 நவம்பரில் பால் தாக்கரே மறைந்தபோது மும்பையில் நிலவிய முழு அடைப்பு குறித்து முகநூலில் கேள்வி எழுப்பிய இளம்பெண் ஒருவரும், அந்தப் பதிவுக்கு விருப்பம் தெரிவித்த அவருடைய தோழியும் மகாராஷ்டிர மாநிலம் பால்கரில் கைது செய்யப்பட்டனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதிய புதுச்சேரி தொழில்முனைவோர் கைதானார். 2015 மார்ச் மாதத்தில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், மாநில அமைச்சர் ஒருவர் தொடர்பான முகநூல் பதிவுக்காகப் பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் சிறைக்கு அனுப்பப்பட்டார். இணையத்தில் தவறாக நடப்போரைத் தண்டிக்க வந்ததாகச் சொல்லப்பட்ட பிரிவு, பள்ளி மாணவரையே சிறைக்கு அனுப்பியது.

ஷ்ரேயா சிங்கால் தொடுத்த வழக்கில், நீதிபதிகள் செலமேஸ்வர், ஆர்.எஃப். நாரிமன் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 2015 மார்ச் 24 அன்று 66ஏ பிரிவை முழுமையாக ரத்து செய்தது. எது குற்றம் என்று குடிமகனுக்கும் தெரியாமல், காவலருக்கும் தெரியாமல் ஒரு சட்டம் இருக்கக்கூடாது என்பதே தீர்ப்பின் சாரம். தண்டனைக்கு அஞ்சிச் சட்டப்படி சொல்லக்கூடியதையும் மக்கள் சொல்லாமல் விட்டுவிடும் நிலை அரசமைப்புச் சட்டத்தின் 19-வது பிரிவுக்கு முரணானது என நீதிபதிகள் குறிப்பிட்டனர். நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிக்கையோ கிடைத்த பிறகே உள்ளடக்கத்தை நீக்கும் கடமை சமூக ஊடக நிறுவனங்களுக்கு எழும் என்றும் தெளிவுபடுத்தினர். ரத்தான பிரிவின்கீழ் அதன் பிறகும் பல மாநிலங்களில் வழக்குகள் பதிவாகி வந்ததை அறிந்து 2021-இல் உச்ச நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தது.

857 தளங்களின் பட்டியல்

பரந்த வலையை வீசினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் கிடைக்கும் சிறந்த சான்று, தீர்ப்பு வந்த அதே ஆண்டில் நிகழ்ந்தது.

ஆபாசத் தளங்கள் அனைத்தையும் தடை செய்யக் கோரி இந்தூர் வழக்கறிஞர் கமலேஷ் வாஸ்வானி 2013-இல் உச்ச நீதிமன்றத்தை நாடியிருந்தார். 2015 ஜூலையில் அந்த மனு விசாரணைக்கு வந்தபோது, வயது வந்த ஒருவர் தம் அறையின் நான்கு சுவர்களுக்குள் பார்ப்பதை இடைக்கால உத்தரவால் எப்படித் தடுக்க இயலும் என்று தலைமை நீதிபதி எச்.எல். தத்து வாய்மொழியாகக் கேட்டார். ஆயினும் அதே மாதம் 31-ஆம் தேதி, 857 இணைய முகவரிகளை முடக்குமாறு தொலைத்தொடர்புத் துறை இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

பட்டியல் வெளியானதும் நகைச்சுவைத் தளங்கள் உள்ளிட்டவையும் அதில் இடம்பெற்றிருப்பது தெரியவந்தது. எதிர்ப்பு வலுத்தது. ஆகஸ்ட் 4-ஆம் தேதி அரசு தன் உத்தரவை மாற்றியது. குழந்தைகளைச் சித்திரிக்கும் ஆபாசம் இல்லாத தளங்களை முடக்காமல் விடுவதற்குச் சேவை நிறுவனங்களுக்கு உரிமை உண்டு என்று புதிய உத்தரவு கூறியது. எந்தத் தளத்தில் எது இருக்கிறது என்பதைத் தேடிப் பார்ப்பது எங்கள் வேலை அல்ல என்று நிறுவனங்கள் பதிலளித்தன. குழந்தைகளைக் காப்பதற்கான உத்தரவு ஐந்து நாள்களில், யார் எதைப் பார்த்துச் சொல்வது என்ற சர்ச்சையாக முடிந்தது.

பட்டியல் அத்துடன் மறையவில்லை. 2018 செப்டம்பரில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், டேராடூன் பள்ளி மாணவி ஒருவருக்கு இழைக்கப்பட்ட கொடுமையைத் தொடர்ந்து, 2015 உத்தரவைச் செயல்படுத்துமாறு பணித்தது. மின்னணு அமைச்சகம் பட்டியலை மறுபடியும் ஆராய்ந்தபோது, 30 தளங்களில் ஆபாச உள்ளடக்கமே இல்லை எனக் கண்டறிந்தது. எஞ்சிய 827 தளங்கள் முடக்கப்பட்டன. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அரசே முடக்கச் சொன்ன அந்த 30 தளங்களின் குற்றம் என்ன என்பதற்கு எவரும் விளக்கம் தரவில்லை.

தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான நிகழ்வு உண்டு. டிக்டாக் செயலியில் சிறார் தகாத உள்ளடக்கத்துக்கு ஆளாகிறார்கள் எனத் தொடரப்பட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 3 அன்று அந்தச் செயலியின் பதிவிறக்கத்துக்குத் தடை விதித்தது. கூகுள், ஆப்பிள் நிறுவனங்கள் தங்கள் தளங்களிலிருந்து செயலியை அகற்றின. ஏற்கெனவே கைப்பேசியில் வைத்திருந்தோர் தொடர்ந்து பயன்படுத்தினர். புதிதாக வர விரும்பியவர்களே வெளியே நின்றனர். நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாதார், முறையாகப் பயன்படுத்துவோரின் உரிமையும் காக்கப்பட வேண்டும், தடை தீர்வாகாது என வாதிட்டார். ஏப்ரல் 24-இல் நிபந்தனைகளுடன் தடை நீக்கப்பட்டது.

படத்துக்கும் ஒரு கைரேகை

முடக்குதலுக்கு மாற்றாக, குற்ற உள்ளடக்கத்தை மட்டும் அடையாளம் கண்டு அகற்றும் தொழில்நுட்பம் 2009 முதலே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் டார்ட்மவுத் கல்லூரியும் இணைந்து உருவாக்கிய ஃபோட்டோடிஎன்ஏ, ஒவ்வொரு படத்துக்கும் கைரேகை போன்ற ஓர் எண் தொகுப்பைக் கணக்கிடுகிறது. குழந்தைகள் மீதான வன்கொடுமைப் படம் என ஏற்கெனவே உறுதி செய்யப்பட்டவற்றின் கைரேகைகள் ஒரு பட்டியலில் இருக்கும். புதிதாகப் பதிவேற்றப்படும் படத்தின் கைரேகை பட்டியலில் உள்ள ஒன்றுடன் பொருந்தினால் மட்டுமே அது தடுக்கப்படும். கட்டுரைகளையோ கேலிச்சித்திரங்களையோ அது வாசிப்பதில்லை. ஆகவே பேச்சுரிமைக்கு மிகக் குறைந்த சேதம் விளைவிக்கும் வழிமுறையாக இது கருதப்படுகிறது.

பட்டியலில் இல்லாத புதிய படங்களைச் செயற்கை நுண்ணறிவு தானாகக் கண்டுபிடிக்க முயலும்போது சிக்கல் தொடங்குகிறது. அமெரிக்காவில் தந்தை ஒருவர், நோயுற்ற தம் குழந்தையின் படத்தை மருத்துவரின் ஆலோசனைக்காக எடுத்தார். அதை வன்கொடுமைப் படம் என்று கணினி கணித்ததால் அவரது கூகுள் கணக்கு முடக்கப்பட்டது. காவல்துறை விசாரித்துக் குற்றமில்லை என்று கூறிய பிறகும் கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை என 2022-இல் செய்தி வெளியானது. வாடிக்கையாளர்களின் கைப்பேசிகளில் உள்ள படங்களைப் பரிசோதிக்கும் திட்டத்தை 2021 ஆகஸ்டில் அறிவித்த ஆப்பிள் நிறுவனம், கடும் எதிர்ப்புக்குப் பின் 2022 டிசம்பரில் அதைக் கைவிட்டது.

இந்தியாவுக்கு இந்த விவாதம் தொலைவில் உள்ள ஒன்றல்ல. காணாமற்போன மற்றும் சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அமெரிக்க தேசிய மையத்துக்கு நிறுவனங்கள் அனுப்பும் தகவல்களில், 2023-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 89 லட்சம் இந்தியாவுடன் தொடர்புடையவை. எந்த நாட்டுடன் ஒப்பிட்டாலும் இதுவே அதிகம். ஒரே படம் பலமுறை பகிரப்பட்டால் ஒவ்வொன்றும் தனித் தகவலாகவே எண்ணப்படும் என்பதால் இதைக் குற்றங்களின் எண்ணிக்கையாகக் கொள்ள இயலாது. 2019 ஏப்ரலில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அந்த மையத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டதன் பின்னர், இத்தகவல்கள் மாநிலக் காவல்துறைகளுக்கு நேரடியாகப் பகிரப்படுகின்றன. பல கைதுகளுக்கு இதுவே தொடக்கம். ஒரு தளத்தையும் முடக்காமல், ஒரு செயலியையும் தடை செய்யாமல் நடக்கும் இந்தப் பணி, தடை உத்தரவுகளைப் போலத் தலைப்புச் செய்தியாவதில்லை.

அனுப்பியவர் யார்?

மாநிலங்களவை உறுப்பினர் ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான தற்காலிகக் குழு 2020 ஜனவரியில் அளித்த அறிக்கை 40 பரிந்துரைகளைக் கொண்டிருந்தது. குழந்தைகளைச் சித்திரிக்கும் ஆபாசத்தைப் பரப்புவோரைக் கண்டறிய, அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய மறைகுறியாக்க முறையை உடைக்க அனுமதிக்கலாம் என்பது அவற்றுள் ஒன்று. 2021 பிப்ரவரி 25-இல் வெளியான தகவல் தொழில்நுட்ப விதிகள், 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளர்களைக் கொண்ட செய்திச் செயலிகள் ஒரு தகவலை இந்தியாவில் முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்ட வழி செய்ய வேண்டும் என்றன. கடும் குற்றங்களுக்கு மட்டும், உரிய உத்தரவின் பேரில் மட்டும், வேறு வழி இல்லாதபோது மட்டும் என்ற வரம்புகளும் விதியில் உள்ளன.

நோக்கத்தில் குறை காண முடியாது. செயலாக்கத்தில்தான் கேள்வி. எந்தத் தகவல் நாளை குற்றமாகும் என்று முன்கூட்டியே தெரியாததால், ஒருவரைக் கண்டறிய அனைவரின் தகவல்களுக்கும் தடயக் குறி இட வேண்டும் என்கிறது வாட்ஸ்அப். இந்த விதியை எதிர்த்து 2021 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடிய அந்நிறுவனம், மறைகுறியாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டு வெளியேறுவோம் என 2024 ஏப்ரலில் தெரிவித்தது. நிறுவனத்தின் வணிக நலனை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் வாதத்தில் வலு இருக்கிறது. மிரட்டலுக்கு அஞ்சித் தன் படத்தைத் தானே அனுப்பும் சிறுமிதான் தொழில்நுட்பத்தின் பார்வையில் அந்தப் படத்தை முதலில் அனுப்பியவர்.

சொல்லை மாற்றிய தீர்ப்பு

சென்னை அம்பத்தூரில் தொடங்கிய வழக்கு ஒன்று, 2024-இல் நாடு முழுமைக்குமான தீர்ப்பாக உருவெடுத்தது. குழந்தைகளின் ஆபாசப் படங்களைத் தனிமையில் பதிவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜனவரியில் கூறியிருந்தது. தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதி ஜே.பி. பார்திவாலா அமர்வு செப்டம்பர் 23 அன்று அத்தீர்ப்பை ரத்து செய்தது. பகிரும் நோக்குடன் இத்தகைய படத்தை அழிக்காமலும் புகார் அளிக்காமலும் வைத்திருப்பதே போக்சோ சட்டத்தின் 15-வது பிரிவின்படி குற்றம் என்றும், சூழ்நிலைகளைக் கொண்டு அந்த நோக்கத்தை நிறுவலாம் என்றும் விளக்கியது.

இங்கே பேச்சுரிமை வாதத்துக்கு இடமில்லை. அத்தகைய ஒவ்வொரு படமும் ஒரு குழந்தைக்கு இழைக்கப்பட்ட வன்கொடுமையின் பதிவு. அதனால்தான் குழந்தை ஆபாசம் என்ற சொல்லையே நீதிமன்றங்கள் பயன்படுத்தக்கூடாது, குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டல் மற்றும் வன்கொடுமைப் பதிவு எனக் குறிப்பிட வேண்டும் என நீதிபதிகள் பணித்தனர். பள்ளிகளில் முறையான பாலியல் கல்வி தேவை என்ற பரிந்துரையும் அதே தீர்ப்பில் இடம்பெற்றது. அதைப் பற்றிய பேச்சு குறைவு.

பதின்வயதினர் இருவர் தமக்குள் விரும்பிப் பகிர்ந்துகொள்ளும் படங்களும் இச்சட்டங்களின் எழுத்துக்குள் வந்துவிடுகின்றன என்பது தீர்க்கப்படாத சிக்கல். சுரண்டுபவருக்காக எழுதப்பட்ட தண்டனை பதினாறு வயது மாணவியின் மீதும் பாயக்கூடும் என்ற அச்சத்தில், அந்தப் படம் வெளியே கசிந்தாலும் அவள் புகார் அளிக்கத் தயங்குவாள்.

வயதைச் சரிபார்ப்பதன் விலை

ஆஸ்திரேலியா 16 வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசம்பர் 10 முதல் தடை செய்துள்ளது. பிரிட்டனில் ஆபாசத் தளங்களுக்கான வயதுச் சோதனை 2025 ஜூலையில் கட்டாயமானதும், இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் செயலிகளின் பதிவிறக்கம் பெருகியது. இந்தியாவில் 13 வயதுக்கு உட்பட்டோருக்குத் தடை கோரிய மனுவை 2025 ஏப்ரலில் ஏற்க மறுத்த உச்ச நீதிமன்றம், இது கொள்கை முடிவு என்று கூறிவிட்டது.

இந்தியா தேர்ந்தெடுத்திருப்பது பெற்றோர் ஒப்புதல் என்ற வழியை. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-வது பிரிவில் இரண்டு வேறுபட்ட கடமைகள் உள்ளன. குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களின் நடத்தையை ஆராய்ந்து குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் தடை செய்யப்பட்டுள்ளன. இதனால் எந்தக் குழந்தையின் பேச்சும் பாதிக்கப்படாது. நிறுவனங்களின் வருவாய் மட்டுமே குறையும். மற்றொன்று பெற்றோரின் ஒப்புதல். இங்கே கணக்கு எளிதாக இல்லை.

யார் குழந்தை என்று அறிய வேண்டுமானால், குழந்தை அல்லாதோரும் தம் வயதை நிறுவ நேரிடலாம். பெற்றோர் தம் அடையாளத்தை நிறுவனத்திடம் ஏற்கெனவே உள்ள விவரங்களைக் கொண்டோ, தாமாக அளிக்கும் விவரங்களைக் கொண்டோ, டிஜிலாக்கர் போன்ற சேவை வழங்கும் மெய்நிகர் குறியீட்டைக் கொண்டோ உறுதி செய்யலாம் என விதிகள் கூறுகின்றன. பெயர் வெளியிடாமல் எழுத விரும்பும் ஊழியருக்கும், வன்முறையிலிருந்து தப்பித்து உதவி தேடும் பெண்ணுக்கும், இணையம் இதுவரை அளித்து வந்த மறைவு இதனால் குறையும்.

வீட்டு நிலவரமும் கருதத்தக்கது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். தாய்க்கு இணையமே அறிமுகமில்லாத வீட்டில் ஒப்புதல் வழங்கும் அதிகாரம் தந்தையிடமே சேரும். மகனுக்குக் கிடைப்பது மகளுக்கும் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. கோழிக்கோட்டில் மாலை 6 முதல் இரவு 10 மணி வரை கைப்பேசியை ஒப்படைக்க மறுத்த கல்லூரி மாணவி ஒருவர் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட வழக்கில், இணைய அணுக்கம் கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அந்தக் கட்டுப்பாடும் மாணவியரின் நலனுக்கானது என்றே சொல்லப்பட்டிருந்தது.

போக்சோ வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு அறிமுகமானவரே என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து காட்டுகின்றன. தீங்கு செய்பவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால், உதவி தேடும் குழந்தை முதலில் வீட்டின் அனுமதியைப் பெற வேண்டும் என்பது முரண். உடல்நலம், கல்வி உள்ளிட்ட சில சேவைகளுக்கு விதிகள் விலக்கு அளித்துள்ளன. பாதுகாப்பாகத் தரவுகளைக் கையாளும் நிறுவனங்களுக்கு 18-க்குக் குறைவான வயது வரம்பை நிர்ணயிக்கவும் சட்டத்தில் அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரம் எவ்வாறு பயன்படுத்தப்படும் என்பதைப் பொறுத்தே பதினேழு வயது மாணவர் ஒருவர் தேர்வு முறை பற்றியோ, தம் ஊரின் குடிநீர் பற்றியோ இணையத்தில் எழுத முடியுமா என்பது அமையும். இந்தியா 1992-இல் ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, சுரண்டலிலிருந்து பாதுகாப்பை 34-வது பிரிவிலும், கருத்து வெளியிடும் உரிமையை 13-வது பிரிவிலும் அதே குழந்தைக்கு வழங்குகிறது.

ஊரகப் பகுதிகளில் நடத்தப்பட்ட 2024-ஆம் ஆண்டின் ஏசர் கல்வி ஆய்வு, இந்த விவாதத்தில் விடுபட்டுப்போன ஒன்றைச் சுட்டுகிறது. 14 முதல் 16 வயதினரில் 82 சதவீதத்தினர் திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள். அவர்களில் 76 சதவீதத்தினர் ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் சமூக ஊடகத்தைப் பயன்படுத்தியிருந்தனர், 57 சதவீதத்தினர் கல்விக்காகப் பயன்படுத்தியிருந்தனர். சமூக ஊடகம் பயன்படுத்துவோரில் 62 சதவீதத்தினருக்கு ஒருவரின் கணக்கைத் தடுக்கவோ அதன் மீது புகார் அளிக்கவோ தெரிந்திருந்தது. தம் கணக்கை மற்றவர் பார்வையிலிருந்து மறைக்கத் தெரிந்தவர்கள் 55 சதவீதத்தினர். மீதமுள்ளோருக்கு இதைக் கற்பிக்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

குழந்தைகள் மீதான வன்கொடுமைப் படம் எவருடைய கைப்பேசிக்கேனும் வந்து சேர்ந்தால், பிறரை எச்சரிப்பதற்காகக்கூட அதை மற்றவர்களுக்கு அனுப்பக்கூடாது. அனுப்புவதும் 67பி பிரிவின்கீழ் குற்றமே. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ தெரிவிக்கலாம். ஆபத்தில் உள்ள குழந்தைகளுக்காக 1098 என்ற உதவி எண் இயங்குகிறது. ஹைதராபாத்தைச் சேர்ந்த பிரஜ்வலா என்ற தொண்டு அமைப்பின் கடிதத்தை உச்ச நீதிமன்றம் வழக்காக ஏற்றதைத் தொடர்ந்து 2018-இல் அந்தப் புகார் இணையதளம் உருவானது. குழந்தைகள் தொடர்பான குற்றங்களைப் பற்றி அதில் புகார் அளிப்பவர், தம் பெயரையோ அடையாளத்தையோ தெரிவிக்க வேண்டியதில்லை.